பொன்னியின் செல்வன்: கோடிக்கரையில் நின்றுபோகிறவர்களுக்கு

கேள்வி: கல்கியின் நாவல் பொன்னியின் செல்வனை இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் நிறுத்திவிட்டேன். முதல் பாகம் எப்படியோ முடிகிறது. இரண்டாம் பாகத்தில் கோடிக்கரை வந்ததும் யார் யாருக்கு என்ன உறவு, எதற்காக இந்தச் சதி என்பதே மறந்துபோகிறது. மராத்திப் பள்ளியில் படித்ததால் தமிழ் மெதுவாகத்தான் வாசிப்பேன். லோக்கல் ரயிலில் கிடைக்கும் நேரம்தான் எனக்கு. எப்படி முடிப்பது?
– ஒரு வாசகி, டோம்பிவிலி

பதில்: அன்புச் சகோதரிக்கு, மெதுவாகப் படிப்பதில் ஒரு குறையும் இல்லை. பட்டம் யாருக்கு என்ற வழக்கு மனதில் பதியாமல் முதல் பாகத்தைக் கடந்திருக்கிறீர்கள். கதை கடலோரத்துக்கு நகர்ந்ததும் பிடி விட்டுப்போவது அதனால்தான்.

ஒரு தாளில் இதை எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். முதலாம் பராந்தகரின் மூத்த மகன் இராஜாதித்தர் 949-ல் தக்கோலப் போரில் இறந்தார். அடுத்தவர் கண்டராதித்தர் அரசரானார். அவர் மறைந்தபோது மகன் மதுராந்தகன் சிறு குழந்தை. அதனால் பட்டம் தம்பி அரிஞ்சயருக்கும், பிறகு அரிஞ்சயர் மகன் சுந்தர சோழருக்கும் போனது. சுந்தர சோழரின் மக்கள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழிவர்மன். மன்னர் இப்போது நோயாளி. அடுத்த பட்டம் கரிகாலனுக்கா, மூத்த கிளையின் மதுராந்தகனுக்கா? சிற்றரசர்களான பெரிய பழுவேட்டரையரும் சம்புவரையரும் கடம்பூரில் கூடுவது இதற்காகத்தான். முதல் பாகத்தின் ஆறாம் அத்தியாயம் ‘நடுநிசிக் கூட்டம்’. அதை மட்டும் மறுபடி நிதானமாகப் படியுங்கள்.

பெயர்களுக்குப் பக்கத்தில் ஊரையும் குறியுங்கள். கரிகாலன் காஞ்சியில், குந்தவை பழையாறையில், அருள்மொழி இலங்கையில். மன்னர் இருப்பது தஞ்சைக் கோட்டைக்குள். அதன் காவலோ பெரியவரின் தம்பி சின்னப் பழுவேட்டரையர் கையில். ஒரே குடும்பம் நாலு திசையில் கிடப்பதால்தான் சதிக்கு இடம் கிடைக்கிறது. நேரில் பேச வழியில்லாதவர்கள் ஓலை அனுப்புகிறார்கள். ஆகவே ஓலையைப் பின்தொடருங்கள். காஞ்சியிலிருந்து கரிகாலனின் தூதன் வந்தியத்தேவன் கொண்டுவருவது இரண்டு, ஒன்று தந்தைக்கு, ஒன்று தங்கைக்கு. அவன் இலங்கைக்குப் புறப்படுவதும் குந்தவை தம்பிக்கு எழுதிய ஓலையோடுதான். இதைப் பிடித்துக்கொண்டால் கோடிக்கரை புதுக்கதையாகத் தெரியாது.

அத்தியாயம் முடிந்ததும் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: எந்த ரகசியம் இன்று யாருக்குத் தெரிந்தது? அரண்மனைக் கதையில் வாள் வீச்சை விட இது முக்கியம். மூன்றாம், நான்காம் பாகங்களில் இந்தக் குறிப்புகள்தான் கைகொடுக்கும். ஒரே ஆளுக்குப் பல பெயர் வருவதையும் அப்படியே குறியுங்கள்: வந்தியத்தேவனே வல்லவரையன், ஆழ்வார்க்கடியானே திருமலை.

மொத்தம் 293 அத்தியாயங்கள். பாகவாரியாக 57, 53, 46, 46, 91. போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று, சனி ஞாயிறில் மூன்று என்றால் வாரம் 13, ஐந்தரை மாதத்தில் முடியும். 1950-ல் தொடங்கி வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடர் இது. அத்தியாயங்கள் அந்த அளவுக்கே வெட்டப்பட்டவை. விடுமுறையில் முப்பது அத்தியாயம் விழுங்கிவிட்டு ஒரு மாதம் மூடிவைப்பதுதான் கெடுதல். ரயிலுக்குத் தனித்தனிப் பாகங்களாக வாங்குங்கள். எல்லாம் சேர்ந்த கனத்த பதிப்பை நெரிசலில் ஒரு கையால் பிடிக்க முடியாது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை, எனவே கைப்பேசியிலும் இலவசமாகக் கிடைக்கும். பாசுரங்கள் புரியாவிட்டால் முதல் வாசிப்பில் தாண்டுங்கள். ஆனால் கடம்பூரில் தேவராளன் ஆவேசம் வந்து சொல்லும் வார்த்தைகளைத் தாண்டாதீர்கள்.

பெயர்களை இணையத்தில் தேட வேண்டாம். பாதிப்பேர் நிஜ மனிதர்கள். அவர்களுக்கு என்ன ஆனது என்று முதல் வரியிலேயே போட்டிருப்பார்கள். உடையார்குடிக் கல்வெட்டு, அன்பில் செப்பேடு போன்ற சோழர் காலச் சான்றுகள் எல்லாம் ஐந்தாம் பாகத்துக்குப் பிறகு பார்க்கலாம். கடைசியில் ஆசிரியரின் முடிவுரை ஒன்று இருக்கிறது, அதையும் முன்கூட்டிப் புரட்டாதீர்கள்.