லண்டனில் எல்.எல்.எம்.: திருமங்கலத்துத் தம்பிக்கு

தம்பி, மதுரை சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அங்கே படித்தவன்தான், சொந்த ஊர் மேலூர். லண்டனில் எல்.எல்.எம். என்கிற சட்ட மேற்படிப்பு படிக்க எவ்வளவு ஆகும், வகுப்பில் பல நாட்டுப் பிள்ளைகள் இருப்பார்களா, தங்க இடம் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இடம் கிடைக்கும். நம்மாட்கள் நிறைய இருக்கும் லண்டன் ஈஸ்ட்ஹாம் பக்கம் ஹை ஸ்ட்ரீட்டில் அறை வாடகை விளம்பரமே தமிழில் ஒட்டியிருப்பார்கள். அதை விடுங்கள். 'பார்ட் டைம் வேலை பார்த்தே ஃபீஸ் கட்டிவிடலாமாமே' என்று நடுவில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வெளிநாட்டு மாணவருக்கு ஃபீஸ் பெரும்பாலும் 20,000 பவுண்டுக்கு மேல்தான். பெரிய பெயர் என்றால் 30,000-ஐயும் தாண்டும். விசாவோடு சேர்த்து மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்ட். அதுபோக, லண்டனில் பிழைக்க மாதம் 1,500 பவுண்ட் போல ஒன்பது மாதத்துக்குக் கையில் இருப்பதாக வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டும். அந்தப் பணம் 28 நாள் கணக்கை விட்டு நகரக் கூடாது.

நான் மாட்டிக்கொண்டது அந்த 28 நாளில்தான். 2009-இல் மதுரையில் ஒரு ஏஜென்ட், "பணத்தை வட்டிக்கு வாங்கிப் போடுங்கள், விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்றார். அப்பாவும் அப்படியே செய்தார். விசா வந்தது, பணம் போனது, வட்டி மட்டும் நின்றது. விளக்குத்தூண் பக்கம் வாங்கிய ஸ்வெட்டரும் 300 பவுண்டுமாக இறங்கினேன். ஓர் அறையில் ஐந்து பேர். இரவு வேலைக்குப் போகிறவன் எழுந்தால்தான் எனக்கு மெத்தை. பவுண்ட் 80 ரூபாய்க்குள் இருந்த காலத்திலேயே இந்தக் கதி. இப்போது நூறைத் தாண்டி நிற்கிறது.

படிப்பு நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அந்தச் சம்பளம் வாடகைக்கும் சோற்றுக்கும் சரியாகப் போய்விடும். ஃபீஸ் கட்ட மிஞ்சாது. "ரொக்கமாகத் தருகிறேன், கூடுதலாகப் பார்" என்று நம்மாள் ஒருவரே ஆசை காட்டுவார். பிடிபட்டால் விசா உங்களுடையது, அவருடையது இல்லை. இங்கே வந்து பத்து வருடமான சிலர் புதிதாக வருகிற பையன்களை வைத்துத்தான் கடை நடத்துகிறார்கள். சொன்னால் கோபம் வரும், வரட்டும்.

இன்னொன்று. எல்.எல்.எம். முடித்த கையோடு இங்கே வக்கீலாகிவிட முடியாது. சொலிசிட்டர், அதாவது இங்கத்து வக்கீல்களில் ஒரு வகை, ஆக எஸ்.க்யூ.இ. என்று இரண்டு கட்டத் தேர்வு 2021-இலிருந்து நடக்கிறது. அதற்கே கிட்டத்தட்ட 5,000 பவுண்ட் தனியாக எடுத்து வைக்க வேண்டும். நான் அதற்கு முந்தைய தேர்வு எழுதியவன், சிக்கன் கடையில் கோழி பொரித்துக்கொண்டே.

பல நாட்டுப் பிள்ளைகளா? இருப்பார்கள். என் வகுப்பில் நைஜீரியா, மலேசியா, பாகிஸ்தான், கானா, சைப்ரஸ். முதல் வாரம் பேராசிரியர் 1932-ஆம் வருடத்து நத்தை வழக்கை எடுத்தார். இஞ்சி பீர் பாட்டிலில் செத்த நத்தை கிடந்ததற்காக, குடித்த பெண் அதைத் தயாரித்தவர் மேல் போட்ட அதே வழக்குதான். எல்லோருக்கும் மனப்பாடம். வெள்ளைக்காரன் ஆண்ட ஊரெல்லாம் ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கிறோம். ஜிகர்தண்டாவில் ஈ விழுந்தால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்போம், கேஸ் போடமாட்டோம் என்றேன். நைஜீரியாவின் லாகோஸ் பையன் சிரித்த சிரிப்பில் பழக்கமானோம். நம்மூர்ப் பிள்ளைகள் நான்கு பேர் தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்து வருடத்தையே ஓட்டினார்கள். அதற்கு மதுரையிலேயே இருந்திருக்கலாம்.

அந்த வருடம் முழுக்க அப்பா மேலூர் பஸ்ஸில் போகும்போதெல்லாம், உலகனேரியில் ஹைகோர்ட் வாசல் வந்ததும் பக்கத்து சீட்காரரிடம், "என் மகன் லண்டன் கோர்ட்டில் இருக்கிறான்" என்பாராம். அம்மா போனில் சொல்லும்போது நான் சிக்கன் கடைப் பின்கட்டில் எண்ணெய்ச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். "ஆமாம்மா, கோர்ட்டில்தான் இருக்கிறேன்" என்றேன்.