துணிமூட்டை எங்கே இருக்கிறது?

வணக்கம் அக்கா,
மோன்டானா காடுகளில் நடக்கும் ஷிஃப்டர் ரொமான்ஸ் (மனிதர்கள் ஓநாயாக உருமாறும் காதல் கதை) ஒன்று எழுதியிருக்கிறேன். பிரதியை இணைத்திருக்கிறேன். நாயகி டெசா 92 கிலோ. அவள்தான் தனக்கு விதிக்கப்பட்ட துணை என்று தெரிந்தும், கூட்டத்தின் தலைவனான ஆல்ஃபா ரோவன் எல்லோர் முன்னாலும் அவள் உடம்பைச் சொல்லி நிராகரிக்கிறான். 30வது அத்தியாயத்தில் "நீ அழகு" என்று மன்னிப்புக் கேட்கிறான், சேர்கிறார்கள். முடிவு ஒட்டவில்லை என்கிறார்கள் தோழிகள். அவன் இன்னும் கெஞ்ச வேண்டுமா?
கவிதா

அன்புள்ள கவிதா,
கெஞ்சல் போதும். டெசாவுக்கு இரண்டு காயங்கள். உடம்பைப் பற்றிய கூச்சம் ரோவன் வருவதற்கு முன்பே இருப்பது. நிராகரிப்பு அவன் தந்தது. தான் தந்ததற்குத்தான் அவன் மருந்து போட முடியும். இரண்டையும் அவன் வாயால் ஆற்றினால், நாளைக்கு அவன் முகம் சுளித்ததும் பழைய புண் திறந்துகொள்ளும்.

உங்கள் பிரதியில் அவள் 11 முறை ஓநாயாகிறாள். மனுஷியாகத் திரும்பும் காட்சி ஒன்றுகூட இல்லை. "மறுநாள் காலை" என்று தாண்டிவிடுகிறீர்கள். கதையே அங்கேதான் இருக்கிறது. உருமாற்றம் முடிந்தால் உடம்பில் துணி இருக்காது. மற்றவர்களுக்கு அது பழகிப்போனது, இவளுக்கு நரகம். எல்லோரும் துணி வைக்கும் மரத்தடியை விட்டு இருநூறு அடி தள்ளிப் புதரில் மூட்டையை ஒளிப்பாள். ஓட்டம் முடியுமுன் சாக்குச் சொல்லிப் பிரிந்து வருவாள். 5வது அத்தியாயத்திலேயே இதைக் காட்டுங்கள். நடுவில் ஒருமுறை மூட்டை காணாமல் போகட்டும். 24இல், ரோவன் அவளிடம் திரும்பி வருவதற்கு முன், மூட்டையை எல்லோரோடும் மரத்தடியில் வைக்கட்டும். அதைப் பற்றி யாரும் பேசவே வேண்டாம். பிறகு அவன் கேட்கும் மன்னிப்பு நிராகரித்ததற்கு மட்டுமானதாக இருக்கும்.

எடைக் கணக்கு இன்னும் தீரவில்லை. காட்டில் பெண் சாம்பல் ஓநாய் பெரும்பாலும் 45 கிலோவைத் தாண்டாது. மீதிக் கிலோக்கள் எங்கே போகின்றன? மனித எடை குறையாமல் அப்படியே ஓநாய்க்கும் வரும் என்று விதி வைத்தால், 80 கிலோ ரோவனைவிட அவள் பெரிய ஓநாய். உடனே அவனை அடித்துப் போட்டுவிடாதீர்கள், மலிவாகிவிடும். பெரிய உடம்புக்குத் தீனி அதிகம், மென்பனியில் கால் ஆழப் புதையும். அதுவும் இருக்கட்டும்.

'ஆல்ஃபா' என்ற எண்ணம் 1947இல் ருடால்ஃப் ஷென்கல் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வந்தது. காட்டில் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள்தான் என்று 1999இல் டேவிட் மெக் எழுதினார். ரொமான்ஸுக்கு ஆல்ஃபா தேவை, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வளர்ந்த குட்டி துணை தேடிக் கூட்டத்தை விட்டுக் கிளம்புவது ஓநாய்க்கு இயல்பு. டெசா கூட்டத்தை விட்டு வெளியேறுவதை அவமானமாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அவளுக்குள் இருக்கும் ஓநாய் அதை அப்படி எடுத்துக்கொள்ளாது.

ஜூலையில் 'அடர்ந்த ரோமம்' தவறு. வசந்தத்திலேயே உதிரத் தொடங்கிவிடும், கோடையில் ஓநாய் ஒல்லியாகத் தெரியும். அதைப் பார்த்து யாராவது டெசாவிடம் "இளைச்சிட்டியே!" என்று பாராட்டுவதாக ஒரு காட்சி வைக்கலாம்.