ஒரு சிட்டிகை சாம்பிராணி

அன்புள்ள ஐயா,

சென்ற மாதக் கட்டுரையில் ‘ரோமப் பேரரசு உள்ளுக்குள் சந்தித்த மிகப் பெரிய சவால் ஆதிக் கிறிஸ்தவர்கள்தான்’ என்று எழுதியிருந்தீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். சண்டே ஸ்கூலில் எங்களை மனப்பாடம் செய்யவைத்த வசனங்களில் ஒன்று ரோமர் 13: ‘எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்.’ அவர்கள் வரி கட்டினார்கள், பேரரசனுக்காக ஜெபம் செய்தார்கள், வாள் எடுக்கவில்லை, அடிமை முறையைக்கூட ஒழிக்கவில்லை. பேரரசன் கான்ஸ்டன்டைன் கதவைத் திறந்ததும் அரண்மனைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். இதில் சவால் எங்கே இருக்கிறது? அடிமைகளைத் திரட்டிக் கலகம் செய்த ஸ்பார்ட்டகஸ் சவால் விட்டான். கி.பி. 66இல் கலகம் செய்த யூதர்கள் சவால் விட்டார்கள். இவர்கள் செத்தார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. கல்லூரியில் படிக்கும் என் மகள் கேட்டாள்: ‘பேரரசன் சிலைக்கு முன்னால் ஒரு சிட்டிகை சாம்பிராணியை நெருப்பில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாமே அப்பா? மனசுக்குள் யாரை வேண்டுமானாலும் கும்பிட்டுக்கொள்ளலாமே?’ எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

*

அன்புள்ள நண்பருக்கு,

‘மிகப் பெரிய’ என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எழுதும் வேகத்தில் விழுந்த சொல். மூன்றாம் நூற்றாண்டுப் பேரரசர்கள் தூக்கமில்லாமல் கிடந்தது பாரசீகர்களையும் கோத்துகளையும் தங்கள் சொந்தப் படைத்தலைவர்களையும் நினைத்துத்தான். ‘சவால்’ என்ற சொல்லை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

உங்கள் மகள் கேட்ட கேள்வியை அவளுக்கு முன்பே ரோம அதிகாரிகள் கேட்டுவிட்டார்கள். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில், சிமிர்னாவில் (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) பாலிகார்ப் என்ற கிழட்டு ஆயரைப் பிடித்துவருகிறார்கள். காவல் தலைவரும் அவருடைய அப்பாவும் அவரைத் தங்கள் வண்டியிலேயே ஏற்றிப் பக்கத்தில் உட்காரவைத்து நயமாகப் பேசுகிறார்கள்: ‘சீசரே ஆண்டவர் என்று சொல்லிச் சாம்பிராணி போட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்வதில் என்ன கெட்டுப்போகிறது?’ அவர் மசியவில்லை. எரிச்சலில் வண்டியிலிருந்து தள்ளிவிட, கிழவரின் கணைக்கால் சிராய்த்துவிடுகிறது. அவருடைய மரணத்தை விவரிக்கும் பழைய கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இந்தச் சிராய்ப்பு. நயமாகப் பேசியவர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது?

அதற்குப் பிளினியிடம் போக வேண்டும். கி.பி. 110ஐ ஒட்டிய ஆண்டுகளில் கருங்கடலின் தென்கரையில் இருந்த பித்தினியா-பொந்து மாகாணத்துக்கு அவர் ஆளுநர். படித்தவர், நல்ல நிர்வாகி, எதற்கெடுத்தாலும் பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதிக் கேட்பவர். ஒருமுறை நிக்கோமீதியா நகரத்தில் பெரிய தீ. பல வீடுகளும் இரண்டு பொதுக் கட்டடங்களும் சாம்பலாகின்றன. தண்ணீர் இறைக்கப் பம்பு இல்லை, வாளி இல்லை, சனங்கள் கைகட்டி வேடிக்கை பார்க்கிறார்கள். 150 தொழிலாளர்களைக் கொண்டு ஒரு தீயணைப்புச் சங்கம் அமைக்கலாமா என்று பிளினி கேட்கிறார். வேறு வேலைக்கு அது பயன்படாதபடி நானே பார்த்துக்கொள்கிறேன் என்றும் சேர்த்துக்கொள்கிறார். டிராஜன் மறுத்துவிடுகிறார். என்ன பெயர் வைத்தாலும், எதற்காகக் கூடினாலும், கூடியவர்கள் சீக்கிரமே அரசியல் குழுவாகிவிடுவார்கள். சாமான்களை மட்டும் வாங்கி வை, வீட்டுக்காரர்களே அணைத்துக்கொள்ளட்டும் என்று பதில் வருகிறது.

ஊர் எரிந்தாலும் பரவாயில்லை, 150 பேர் கூடக் கூடாது. கிறிஸ்தவர்களைப் பற்றிப் பிளினி எழுதிய கடிதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் விஷயம் புரியும். அந்தக் கடிதத்தில் அவர்களுடைய குற்றமாக அவர் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாக வைத்துப் பாட்டுப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், சொன்ன சொல் தவற மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், பிறகு மறுபடியும் கூடிச் சாதாரணச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். சங்கங்களுக்குத் தடை வந்ததும் அந்தச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டோம் என்கிறார்கள் விசாரிக்கப்பட்டவர்கள்.

நம்பிக்கை வராமல் பிளினி இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரிக்கிறார். சபையார் இவர்களை ‘ஊழியக்காரிகள்’ என்று அழைக்கிறார்கள் என்று போகிற போக்கில் குறிக்கிறார். அளவு கடந்த மூடநம்பிக்கையைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. ஆனால் தாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை என்றவர்களுக்குச் சோதனை ஒன்று வைத்திருந்தார்: பேரரசர் சிலைக்கு முன்னால் சாம்பிராணியும் திராட்சை மதுவும் படைக்க வேண்டும், கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். கிறிஸ்தவர்தானா என்று மூன்று முறை கேட்டும் ஆம் என்றே நின்றவர்களைக் கொல்ல அனுப்பினார். அதற்கு அவர் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். அவர்கள் நம்புவது எதுவாக இருந்தாலும் சரி, அந்தப் பிடிவாதத்துக்கும் வளையாத தன்மைக்குமே தண்டனை தர வேண்டும் என்கிறார்.

சிமிர்னா வண்டியில் வந்த கோபமும் இதுதான். நீ எதை நம்புகிறாய் என்பது ரோமுக்கு ஒரு பொருட்டே இல்லை. அங்கே மதம் என்பது கையால் செய்கிற காரியம். ‘மனசுக்குள் யாரை வேண்டுமானாலும் கும்பிட்டுக்கொள், கையை மட்டும் கொடு’ என்பதுதான் அரசு முன்வைத்த பேரம். யூதர்களும் மறுத்தவர்கள்தான், ஆனால் அது அவர்களுடைய தொன்மையான முன்னோர் வழக்கம் என்று ரோம் பொறுத்துக்கொண்டது. பழையதன் மேல் ரோமர்களுக்கு எப்போதும் மரியாதை உண்டு. நேற்று முளைத்த ஒரு கூட்டம், அடிமைப் பெண்களை ஊழியக்காரிகளாக வைத்திருக்கும் கூட்டம், கையைத் தர மாட்டேன் என்றால் எப்படிப் பொறுக்கும்?

இப்போது உங்கள் ரோமர் 13. அந்த அதிகாரத்தை முதல் வசனத்தோடு நிறுத்தாமல் நான்காம் வசனம் வரை வாசியுங்கள். ஆளுகிறவனை, அந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலர் பவுல் ‘தேவஊழியக்காரன்’ என்கிறார். கிரேக்கத்தில் அது தியாகோனோஸ். அதே நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில், கெங்கிரேயா சபையின் பெபேயாளுக்கும் அதே சொல்தான். தமிழிலும் ‘ஊழியக்காரி’ என்றே இருக்கிறது. தெய்வத்தின் மகன் என்று நாணயத்தில் பொறித்துக்கொண்ட ஒருவனைப் பார்த்து, நீயும் எங்கள் சபைப் பெண்மணியும் ஒரே வேலைக்காரர்கள் என்று சொன்னால் அவன் மகிழ்வானா? கீழ்ப்படியச் சொல்லும் வசனத்திலேயே ஆளுகிறவனின் நாற்காலி ஒரு படி இறங்கிவிட்டது. பின்னால் எத்தனையோ அரசர்கள் முதல் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தங்களுக்குக் கேடயமாக்கிக்கொண்டார்கள், அதை மறுக்கவில்லை. சண்டே ஸ்கூலில் எனக்கும் முதல் வசனம்தான் சொல்லித்தந்தார்கள்.

சொற்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னும் கொஞ்சம். ‘சுவிசேஷம்’ என்றால் நமக்கு நான்கு புத்தகங்கள், கன்வென்ஷன் பந்தல். ஆனால் கி.மு. 9இல் ஆசிய மாகாணம், அகஸ்டஸ் பிறந்த நாளையே ஆண்டுத் தொடக்கமாக வைக்க முடிவு செய்தபோது, ‘உலகத்துக்கு நற்செய்திகளின் தொடக்கம்’ என்று அந்தப் பிறந்தநாளைக் கல்லில் வெட்டினார்கள். பிரியேனே நகரத்தில் கிடைத்த அந்தக் கல்வெட்டில் சுவிசேஷம் என்பதற்கான கிரேக்கச் சொல்லே இருக்கிறது. அகஸ்டஸை ‘இரட்சகர்’ என்றும் சொல்கிறது. ‘ஆண்டவர்’ என்பதும் அப்படித்தான். அடிமையின் எஜமானுக்கும் பேரரசனுக்கும் கடவுளுக்கும் கிரேக்கத்தில் ஒரே சொல். தமிழில் ‘ஆண்டவர்’ என்பதற்குள்ளேயே ஆட்சி உட்கார்ந்திருக்கிறது, நமக்குத்தான் காதில் விழுவதில்லை. ‘இறை’ என்றால் கடவுள், அரசன், அரசனுக்குக் கட்டும் வரி. எனவே ‘இயேசுவே ஆண்டவர்’ என்பதைத் தெருவில் நின்று சொன்னால் அந்தக் காலத்தவர்கள் அதை வெறும் பக்தியாகக் கேட்டிருக்க மாட்டார்கள். தெசலோனிக்கேயில் கூட்டம் போட்ட கூச்சல் அப்போஸ்தலர் 17இல் இருக்கிறது: ‘இயேசு என்னும் வேறொருவனை ராஜா என்று சொல்லி, இராயனுடைய கட்டளைகளுக்கு விரோதமாகச் செய்கிறார்களே.’ (இராயன் என்றால் சீசர்.) நம்முடைய பிரசங்கிமார்களைவிட அந்தக் கூச்சல்காரர்களுக்கு விஷயம் சரியாகப் புரிந்திருக்கிறது.

வரிக் கதையும் இதற்குள் அடங்கும். கி.பி. 180இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில், சில்லியம் என்ற சிற்றூரைச் சேர்ந்த கிறிஸ்தவர்களை ஆளுநர் சத்துர்நீனுஸ் விசாரிக்கிறார். அந்த விசாரணைக் குறிப்பு சின்னதுதான், இரண்டு மூன்று பக்கம். அவர்களில் ஸ்பெராத்துஸ் என்பவர், நான் திருடியதில்லை, எது வாங்கினாலும் வரி கட்டுகிறேன் என்கிறார். அதே மூச்சில், இந்த உலகத்தின் பேரரசை நான் அறியேன் என்றும் சொல்கிறார். பெட்டியில் என்ன என்று கேட்கிறார் ஆளுநர். புத்தகங்களும், பவுல் என்ற நீதிமானின் கடிதங்களும். யோசிக்க 30 நாள் அவகாசம் தருகிறேன் என்கிறார் ஆளுநர் (மோசமான மனிதர் இல்லை). வேண்டாம் என்கிறார்கள். தலை போகிறது. காசில் சீசரின் சுரூபம் இருக்கிறது, காசை அவனுக்குக் கொடு. மனிதனில் கடவுளின் சாயல் இருக்கிறது, உன்னைக் கடவுளுக்குக் கொடு என்று பின்னால் அதே கார்த்தேஜில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதினார். வரி கட்டுவது அவர்களுக்குப் பிரச்சினையாகவே இல்லை. சீசர் காசோடு நின்றிருந்தால் யாரும் செத்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் பெர்ப்பெத்துவா என்ற கிறிஸ்தவப் பெண். எனக்கு இவரிடம் முழுச் சம்மதம் கிடையாது, அதனால்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். 203, மறுபடியும் கார்த்தேஜ். வயது 22 இருக்கும். நல்ல குடும்பம், கையில் பால்குடிக் குழந்தை. சிறையில் தானே எழுதிய குறிப்புகள் நம் கையில் இருக்கின்றன. அந்தக் காலத்துப் பெண் ஒருத்தியின் சொந்தக் குரல் இப்படிக் கிடைப்பது அபூர்வம். அப்பா சிறைக்கு வருகிறார். கையை முத்தமிடுகிறார், காலில் விழுகிறார், மகளே என்று கூப்பிடாமல் அம்மணி என்று கூப்பிடுகிறார். ஒரு பாத்திரத்தைக் காட்டி, இதை வேறு பேர் சொல்லிக் கூப்பிட முடியுமா என்று கேட்டிருந்தார் மகள்; நானும் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறொன்றாக என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. விசாரணையில் ஹிலாரியானுஸ் என்ற அதிகாரி, அப்பாவின் நரைமுடிக்கு இரங்கு, பிள்ளையின் மழலைக்கு இரங்கு, பேரரசர்களின் நலனுக்காகப் பலியிடு என்கிறார். ‘செய்ய மாட்டேன்.’ கெஞ்சிக்கொண்டே நின்ற அப்பாவைத் தள்ளி, தடியால் அடிக்கிறார்கள். என்னையே அடித்ததுபோல வலித்தது என்று எழுதுகிறார் மகள். எழுதுகிறார், மனம் மட்டும் மாறவில்லை. இரண்டு பெண்பிள்ளைகளுக்கு அப்பனான என்னால் அந்த இடத்தைச் சும்மா கடக்க முடிவதில்லை.

அவரோடு ஃபெலிசித்தாஸ் என்ற அடிமைப் பெண்ணும் இருந்தார். எட்டு மாதக் கர்ப்பிணி, சிறையிலேயே பெண் குழந்தை பெற்றார். அடிமை முறையை அவர்கள் ஒழிக்கவில்லை என்று நீங்கள் சொல்வது உண்மை, அதில் அவர்களுக்காக வாதாட என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் எஜமானி வர்க்கத்துப் பெண்ணும் அடிமையும் ஒரே அரங்கில் சேர்ந்து நின்றார்கள். அரங்க வாசலில் ஆண்களுக்குச் சத்துர்ன் தேவனின் பூசாரி வேஷமும் பெண்களுக்குச் சேரெஸ் தேவதையின் பூசாரி வேஷமும் போடப் பார்த்தார்கள். இதைச் செய்யக் கூடாது என்பதற்காகத்தானே உயிரைத் தருகிறோம், அதுதானே ஒப்பந்தம் என்று பெர்ப்பெத்துவா வாதிட, காவல் அதிகாரி விட்டுக்கொடுத்துவிட்டார். அது பேரரசரின் மகன் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டு. எட்டு வருடம் கழித்து அந்தக் கேத்தாவை அவன் அண்ணன் காரக்கல்லாவே கொன்று, பெயரை ஊர் ஊராகக் கல்வெட்டுகளிலிருந்து கொத்தி எடுக்கவைத்தான்.

கான்ஸ்டன்டைன் விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். 313இல் கிறிஸ்தவர்களுக்குச் சுதந்திரம் வந்தது. 385இலேயே திரியர் நகரத்தில் பிரிசில்லியன் என்ற ஆயரை ஒரு கிறிஸ்தவப் பேரரசன் கொல்கிறான், கிறிஸ்தவ ஆயர்கள் சிலர் தூண்டிவிட்டு. தூர் நகரத்து ஆயர் மார்ட்டின் வேண்டாம் வேண்டாம் என்று மன்றாடியது வீணாயிற்று. ஆனால் ஒரு நூற்றாண்டுச் சரிவை வைத்து முந்தைய மூன்று நூற்றாண்டுகளை அளக்காதீர்கள்.

உங்கள் மகளுக்கு. அவள் சொன்னபடியே செய்தவர்கள் ஏராளம் என்று சொல்லுங்கள். 250ஐ ஒட்டிப் பேரரசர் டேசியஸ் குடிமக்கள் எல்லாரும் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். கிறிஸ்தவர்கள் கும்பல் கும்பலாகப் போய்ச் சாம்பிராணி போட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியானே அப்போது ஒளிந்துகொண்டார். 258இல் ஓடாமல் நின்று தலையைக் கொடுத்தவரும் அவர்தான். இப்படிப் பலியிட்டு விழுந்தவர்களைத் திரும்பச் சேர்ப்பதா என்று சபை வருடக்கணக்கில் அடித்துக்கொண்டது, கடைசியில் தவம் செய்யவைத்துச் சேர்த்துக்கொண்டது.

அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தின் மணலில் கிடைத்திருக்கின்றன. 250 ஜூன் மாதத்துத் தாள் ஒன்று அவுரேலியுஸ் டியோகெனேஸ் என்பவருடையது. வயது 72. நான் எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டே வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டு, மது ஊற்றி, பலி இறைச்சியைச் சாப்பிட்டேன், சான்றளிக்க வேண்டுகிறேன் என்கிறது மனு. ஆளை அடையாளம் காண, வலது புருவத்தில் தழும்பு என்று எழுதியிருக்கிறார்கள். அவர் கிறிஸ்தவரா, இல்லை எல்லாரோடும் சேர்ந்து வரிசையில் நின்ற கிழவரா என்று அந்தத் தாள் சொல்லவில்லை.