யூனிட்டைப் பாருங்கள், அப்புறம் பில்

கட்டணம் ஏறியதிலிருந்து லைட்டெல்லாம் அணைத்தே வைக்கிறோம். பில் குறையவில்லை. மீட்டர் கோளாறா? (அம்மாபேட்டை)

எத்தனை யூனிட் என்று எழுதவில்லையே, நான் எதை வைத்துச் சொல்வது? 9 வாட் பல்பு 100 மணி நேரம் எரிந்தாலும் 1 யூனிட் வராது. ஏசி, கீசர், மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். மீட்டரைக் குறை சொல்வது அதற்கப்புறம்.

போன தடவை 490 யூனிட், இந்தத் தடவை 510. இருபது யூனிட்டுக்கு ஏறக்குறைய 380 ரூபாய் கூடுமா? (அஸ்தம்பட்டி)

கூடும். 2024 ஜூலைக் கட்டணத்தில், இரண்டு மாதத்தில் 500க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட் 2.35 ரூபாய். 501 ஆன உடனே அதே நூறு யூனிட்டுக்கும் 4.70. ஆக, அந்த 501ஆவது யூனிட் ஒன்றுக்கு மட்டும் சுமார் 240 ரூபாய் கொடுக்கிறீர்கள். பாக்கி, மற்ற 19 யூனிட்டின் விலை.

எனக்கு நெடுநாளாக ஆறாத வருத்தம் இதில்தான். தக்காளி விலை ஏறினால் கடையிலேயே அரைக் கிலோவோடு நிறுத்திக்கொள்கிறோம். மின்சாரத்தை மட்டும் 60 நாள் செலவழித்த பிறகுதான் விலை தெரிகிறது. தெரியாத விலைக்கு யார் சிக்கனம் பிடிப்பார்கள்? மாதாமாதம் ரீடிங் எடுக்க வேண்டும் என்று இந்தக் கேள்வி-பதில் பகுதியில் எத்தனை முறை எழுதிவிட்டேன்!

அதுவரை நாமே எடுப்போம். சூரமங்கலத்தில் என் அக்கா, ஞாயிறுதோறும் மீட்டர் எண்ணைச் சமையலறைக் காலண்டர் அட்டையில் பென்சிலால் குறித்துவைப்பார். 50ஆம் நாள் செலவு 430 யூனிட்டைத் தொட்டுவிட்டால், மீதி நாள் இரவு 2 மணிக்கு ஏசி அணையும்படி டைமர். ஐந்நூறைத் தாண்ட விட்டதில்லை.

ஏற்காட்டில் வீடு. விலை ஏறியும் கீசர் செலவு குறைய மாட்டேன் என்கிறது.

மலைக்குளிரில் வெந்நீரை விட முடியாது, சரி. 2 கிலோவாட் கீசர் அரை மணிக்கு 1 யூனிட். எல்லாரும் அடுத்தடுத்துக் குளியுங்கள், குளித்ததும் சுவிட்சை அணையுங்கள்.

விசைத்தறிக்கு இலவசம் எவ்வளவு? (கொண்டலாம்பட்டி)

2023 மார்ச் முதல் இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட். எத்தனாவது நாளில் ஆயிரம் தாண்டுகிறது என்று குறித்துவையுங்கள்.

மின்சாரத்தின் தேவை நெகிழ்ச்சி எவ்வளவு? (கல்லூரி மாணவர்)

விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்பதுதான் நெகிழ்ச்சி. மின்சாரத்துக்கு அது குறைவு. விலை 10 சதம் ஏறினால் பயன்பாடு உடனடியாகக் குறைவது 1 முதல் 3 சதம். பழைய ஃபிரிட்ஜையும் ஏசியையும் மாற்ற ஆண்டுகள் ஆகும். அப்போது இன்னும் குறையும். தேர்வில் உடனடி விளைவு, நீண்டகால விளைவு இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.