லண்டனிலிருந்து வார இறுதிக்குப் போக, இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் ஸ்டைலான ஹோட்டலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கணவன் மனைவி இரண்டு பேர், கார் கிடையாது, வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு திரும்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். நான் ஒரு குளியல் தொட்டியைப் பார்த்து ஏமாந்தவன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

லண்டனுக்கு மேற்கே குன்றும் கிராமமுமாக இருக்கும் காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் ஒரு பழைய மாளிகை. படத்தில் ஜன்னலோரம் செம்புத் தொட்டி, வெளியே ஆடு மேயும் புல்வெளி. பார்த்த கையோடு புக் செய்துவிட்டேன். போனால், அந்தத் தொட்டி இருப்பது இருப்பதிலேயே விலை கூடிய அறையில். நான் எடுத்திருந்தது 'கோஸி'. கூரைக்கு அடியில் பரண் மாதிரி ஓர் அறை, குறுக்கே ஓர் உத்தரம். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து நெற்றியில் வாங்கிக்கொண்டேன். 'கோஸி', 'ஸ்நக்' என்றெல்லாம் பெயர் வைத்திருந்தால் அறை சின்னது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வீடாகக் கட்டியதைத்தான் ஹோட்டலாக்கியிருப்பார்கள், அதனால் ஒரே ஹோட்டலில் அறைக்கு அறை அளவு மாறும். பல கட்டடங்கள் பாரம்பரியப் பட்டியலில் இருப்பதால் லிஃப்ட் வைக்கக்கூட அனுமதி வாங்க வேண்டும். எனவே ஹோட்டலைப் பிடித்தால் போதாது, எந்த அறை, எந்த மாடி என்று போன் போட்டுக் கேளுங்கள்.

அதைவிட முக்கியம், இருட்டிய பிறகு என்ன செய்வீர்கள் என்பது. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். ஊரில் இருப்பது ஒரு பப், அதிலும் சமையலறையைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள். அப்புறம் நீங்கள் அந்த ஹோட்டலின் கைதிதான். அதனால் நான் இப்போதெல்லாம் படுக்கையறைப் படத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் பொதுக் கூடம்: கணப்பு எரிகிறதா, சாய்ந்து உட்கார நாற்காலிகள் போதுமான அளவு இருக்கின்றனவா? அறை புக் செய்யும்போதே சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டு மேசையையும் பிடித்துவிடுங்கள். சாப்பிட மட்டும் வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள், தங்குகிறவருக்கு இடம் இல்லாமல் போகும். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இரண்டு இரவும் காளான் ரிசோட்டோ (குழைந்த இத்தாலியச் சோறு)தான்.

கார் இல்லாததால் உங்களுக்கு நான் சொல்வது தெற்கு இங்கிலாந்தில் காடும் புல்வெளியுமாக இருக்கும் நியூ ஃபாரஸ்ட். லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து அங்குள்ள பிராக்கன்ஹர்ஸ்ட் கிராமத்துக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஊருக்குள்ளேயே மட்டக் குதிரைகள் சாலையில் நின்று வண்டிகளை நிறுத்திவைக்கும், யாரும் ஹாரன் அடிப்பதில்லை. 2011-இல் தொடங்கிய 'தி பிக்' ஹோட்டல் அங்கே ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரம்தான். சொந்தக் காய்கறித் தோட்டம், மீதிப் பொருட்களில் பெரும்பகுதி 25 மைலுக்குள்ளிருந்து வருவது என்பதுதான் அதன் பெருமையே. பெயர் பன்றி என்று இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள், தோட்டத்தை நம்பித்தான் சமைக்கிறார்கள்.

காட்ஸ்வோல்ட்ஸ்தான் வேண்டும் என்றால் பிராட்வே கிராமத்தில் 'லிகன் ஆர்ம்ஸ்' ஹோட்டல். பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்ற முதலாம் சார்லஸ் மன்னர், நாடாளுமன்றப் படைத் தலைவர் கிராம்வெல் இருவருமே அங்கே தங்கியதாகச் சொல்வார்கள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் காட்ஸ்வோல்ட் வே நடைபாதை வழியாக மேட்டில் இருக்கும் பிராட்வே டவருக்கு நடந்தே ஏறலாம். வாசலிலிருந்து இப்படி ஒரு பாதை இருப்பது, காரில்லாதவருக்குப் பெரிய வரம். ஆனால் லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் மோர்ட்டன்-இன்-மார்ஷ் வந்து இறங்கி, அங்கிருந்து டாக்சி பிடிக்க வேண்டும். டாக்சியை லண்டனில் இருக்கும்போதே சொல்லிவையுங்கள். மழையில் முக்கால் மணி நேரம் ஸ்டேஷன் வாசலில் நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

விலை? சனிக்கிழமை என்றால் பல இடங்களில் குறைந்தது இரண்டு இரவு எடுக்கச் சொல்வார்கள். திங்கள் ஒரு நாள் லீவு கிடைத்தால் ஞாயிறு இரவு தங்கிப் பாருங்கள், அதே அறையின் விலை நன்றாகவே இறங்கும். காலைச் சாப்பாடு வாடகையில் சேர்த்தியா என்றும் கேளுங்கள்.

சேற்றுக்கு என்று பூட்ஸ் வாங்க வேண்டாம். இந்த மாதிரி ஹோட்டல்களில் பெரும்பாலும் வாசலிலேயே ரப்பர் பூட்ஸ் அளவு வாரியாக அடுக்கி வைத்திருப்பார்கள். தடிமனான சாக்ஸ் மட்டும் இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள்.