பாயிண்ட் யார் கையில்?

அன்புள்ள அக்கா,

நான் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் பக்கம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. பி.இ., இ.சி.இ. முடித்து சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். ஆள் குறைப்பில் என் பெயரும் வந்துவிட்டது. இப்போது ஊரில்தான் இருக்கிறேன். அப்பா மூன்று ஏக்கரில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருக்கிறார். லோடு போகும்போது கூடப் போவேன். போன வாரம் மில்லில் எங்கள் கிழங்குக்குப் பாயிண்ட் 24 என்றார்கள். பக்கத்துக் காட்டுக்காரருக்கு 27. அப்பா எதுவும் பேசாமல் சீட்டை வாங்கிக்கொண்டார். அது இருக்கட்டும்.

என் கேள்வி வேறு. ஏ.ஐ. கோர்ஸ் ஒன்று, ஆறு மாதம், 45,000 ரூபாய். சேரலாமா? ஏ.ஐ. வந்தால் நம்மைப் போன்ற நாடுகளில் படித்தவனுக்கு வேலையே இருக்காது என்கிறார்களே, உண்மையா? சேலத்தில் உருக்காலை, விமான நிலையம் எல்லாம் இருந்தும் நாங்கள் ஏன் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓட வேண்டியிருக்கிறது? எல்லாவற்றுக்கும் நம் கல்விக் கொள்கைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
க.

அன்புள்ள தம்பி,

"அது இருக்கட்டும்" என்று நீங்கள் தாண்டிப் போன இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். போன மாதம் ஆத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு இரண்டு பக்கமும் கிழங்குக்காரர்கள். ஜவ்வரிசிப் பாயசத்தைக் குடித்துக்கொண்டே ஆளாளுக்குத் தம் பாயிண்ட் கதையைச் சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஏ.ஐ. எல்லா வேலையையும் தின்றுவிடுமா என்றால், எனக்கு ஜோசியம் தெரியாது. யூடியூபில் அடித்துச் சொல்கிறவர்களுக்கும் தெரியாது. விமான நிலையத்தை விடுங்கள், அதில் ஏறி இறங்குவதற்கும் உங்கள் வேலைக்கும் சம்பந்தமில்லை. உருக்காலைக்கு 1970இல் அடிக்கல் நாட்டினார்கள், 1981இல்தான் எஃகுத் தகடு உருட்டும் ஆலை ஓட ஆரம்பித்தது. அது வந்தால் வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று நம்பிய தலைமுறையைப் பார்த்தே வளர்ந்தவள் நான். பெரிய ஆலை வந்து நம்மைத் தூக்கிவிடும் என்று காத்திருப்பது சேலத்துக்காரர்களின் பழைய வியாதி.

கல்விக் கொள்கை என்று ஒரே வரியில் பழி போட்டிருக்கிறீர்களே, அதற்கு மட்டும் கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்கிறேன். 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வில் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாடு முழுவதற்கும் 28.4. முதல் பட்டதாரி சலுகையும் பஸ் பாஸும் வாங்கிப் படித்துவிட்டு, எல்லாம் வீண் என்று எழுதக் கை கூசவில்லையா? குறை இல்லை என்று சொல்லவில்லை. எங்கே குறை என்பதை உங்கள் கடிதமே காட்டிக்கொடுக்கிறது. உங்களுக்குத்தான் தெரியவில்லை.

இந்தப் பக்கம் வராத வாசகர்களுக்காகப் பாயிண்ட் கதையைச் சொல்லிவிடுகிறேன். மரவள்ளிக்கிழங்கை, ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் வெறும் எடைக்கு வாங்குவதில்லை. அதில் மாவு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து விலை போடுவார்கள். அந்த மாவுக் கணக்குக்குத்தான் பாயிண்ட் என்று பெயர். பார்க்கிற விதம் எளிது. லோடிலிருந்து 5 கிலோ கிழங்கை எடுத்து வெளியே எடை போடுவார்கள், பிறகு அதையே தண்ணீருக்குள் முக்கி எடை போடுவார்கள். மாவு தண்ணீரைவிடக் கனம். மாவு அதிகமாக இருந்தால் தண்ணீருக்குள்ளும் எடை கொஞ்சம் கூடுதலாக நிற்கும். 5 கிலோ கிழங்கு உள்ளே போனால் சில நூறு கிராம்தான் காட்டும். அந்தச் சில நூறு கிராமுக்குள் இப்படி அப்படி நகர்வதுதான் விவசாயியின் வருஷம். பாயிண்ட்டுக்கு 300 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 24க்கும் 27க்கும் டன்னுக்கு 900 ரூபாய் வித்தியாசம். பத்து டன் லோடு என்றால் 9,000. வெட்டுக்கூலியும் லாரி வாடகையும் கொடுத்த பிறகு அப்பா கையில் என்ன நின்றது என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் பக்கத்துக் காட்டுக்காரரின் கிழங்கு நிஜமாகவே நல்ல கிழங்காக இருக்கலாம். ஒரு மாதம் கூட விட்டு வெட்டியிருக்கலாம், ரகம் வேறாக இருக்கலாம், தேமல் நோய் தாக்காமல் இருந்திருக்கலாம். 24 என்பது பொய் என்று நான் சொல்லவில்லை. அது பொய்யா நிஜமா என்று பார்க்க உங்கள் அப்பாவிடம் எதுவுமே இல்லை என்று சொல்கிறேன். எந்தக் கிழங்கை எடுப்பது என்று முடிவு செய்வது மில் ஆள். தராசு முள்ளைப் படிப்பதும் அவரே, சீட்டு எழுதுவதும் அவரே. மண்ணோடு எடுத்தால் ஒரு கணக்கு, கழுவி எடுத்தால் வேறு கணக்கு. சரி, பாயிண்ட் குறைச்சல் என்று லோடைத் திருப்பி ஓட்டி வர முடியுமா? வெட்டின கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலமாகக் கறுத்துவிடும். அது மில்காரருக்கும் தெரியும், புரோக்கருக்கும் தெரியும்.

என் தாய்மாமா தலைவாசல் பக்கம் கிழங்கு போட்டவர். பள்ளிக்கூடம் லீவு என்றால் நான் லோடோடு தொற்றிக்கொள்வேன். எந்த மில் என்று சொல்லப் போவதில்லை. வாசலிலேயே திப்பி, அதாவது மாவு எடுத்த கிழங்குச் சக்கை, புளித்த நாற்றம் மூக்கில் ஏறும். களத்தில் பெண்கள் ஈர மாவைக் காலால் தள்ளித் தள்ளிக் காய வைத்துக்கொண்டிருப்பார்கள். வெயிலில் அந்த வெள்ளையைப் பார்க்கக் கண் கூசும். மாமா ஊரில் வாய்ச் சவடால்காரர், பஞ்சாயத்தில் அவரிடம் பேசி ஜெயித்தவர் கிடையாது. தராசுப் பக்கம் வந்தால் மட்டும் துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றுவிடுவார். அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் ஆர்க்கிமிடிஸ் தத்துவம் நடத்தி முடித்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியையும் கூடையையும் பார்த்ததும் எனக்கு ஆசை தாங்கவில்லை. கிட்டே போய் முள்ளைப் பார்க்கக் குனிந்தேன். "பொட்டப்புள்ளைக்கு இங்க என்ன வேலை, அந்தப் பக்கம் போ" என்றார் கணக்குப் பிள்ளை. மாமா அவரை ஒன்றும் சொல்லவில்லை, என்னைத்தான் முறைத்தார். திரும்பி வரும் வழியில், "அவன் கோவிச்சுக்கிட்டா நாளைக்கு யாருகிட்ட போடறது?" என்று மட்டும் கேட்டார். பாடத்தில் படித்தது கண் முன்னால் தொட்டியில் தொங்குகிறது, அதை எட்டிப் பார்க்கக் கூடாது. நான் பௌதிகம் படிக்கப் போனதற்கு அந்த எரிச்சலும் ஒரு காரணம்.

நான் சிறுமி, விரட்டினார்கள். உங்களுக்கு என்ன வந்தது? வீட்ஸ்டன் பிரிட்ஜை வரைந்து மார்க் வாங்கியிருப்பீர்கள். ஸ்ட்ரெயின் கேஜ், எடையை மின் சிக்னலாக மாற்றுகிற லோடு செல் எல்லாம் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். எலக்ட்ரானிக் தராசின் வயிற்றுக்குள் இருப்பது அதுதானே தம்பி! சொந்த அப்பாவின் கிழங்கு அதில் தொங்குகிறது, நீங்கள் லாரி ஓரமாக நின்று ஏ.ஐ. கோர்ஸ் விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தீர்களோ என்று எனக்குச் சந்தேகம். இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். நம் கல்வியில் குறை என்று நான் நினைப்பது இதைத்தான். நான்கு வருடம் படித்த பிள்ளைக்கு, தான் படித்ததற்கும் அப்பா வாங்கிய சீட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாருமே சொல்லித் தரவில்லை. கிழங்குக் காட்டுக்கு நடுவில் நிற்கிற பொறியியல் கல்லூரிகளில்கூட புராஜெக்ட் என்றால் காசு கொடுத்து வெளியே வாங்கி வருகிறார்கள். போகட்டும், அது தனிக் கதை.

இந்தத் தொழில் சேலத்துக்கு எப்படி வந்தது தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் மலாயாப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. 1943 வாக்கில் மாணிக்கம் செட்டியார் என்ற சேலத்து வியாபாரி, பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் என்பவரிடம் முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இங்கே ஆரம்பித்தார். முதலில் எல்லாம் கைவேலை. அப்புறம் வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக் வந்து இயந்திரங்களைத் திருத்தித் திருத்திச் செய்து கொடுத்த பிறகுதான் தொழில் வேகம் பிடித்தது. அவர் காலத்தில் இங்கே எந்தக் கொள்கை அறிக்கை இருந்தது? கிழங்கு இருந்தது, பட்டறை இருந்தது. கொள்கையே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். தனியாளின் மூளைக்கு எட்டாத இடம் ஒன்று உண்டு, அங்கேதான் அரசு வர வேண்டும். ஜவ்வரிசி உருட்டுகிற மெஷினை மெக்கானிக் செய்துவிடுவார். விற்கிறவனும் வாங்குகிறவனும் நம்புகிற தராசை அவரால் தர முடியாது.

முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் பால் சொசைட்டியைக் காட்டுங்கள். பாலும் சில மணி நேரத்தில் கெட்டுப்போகிற சரக்குதான். மாடு வைத்திருக்கிற பாட்டி காலையில் தூக்குப் பாலோடு போய் நிற்கிறாள். அங்கேயே கொழுப்பும் இதரச் சத்தும் பார்த்து நோட்டில் ஏற்றுகிறார்கள். முன்பு அமிலம் ஊற்றிக் குழாயைச் சுற்றிப் பார்த்தார்கள், இப்போது பல இடங்களில் மெஷின் வந்துவிட்டது. அங்கேயும் தில்லுமுல்லு உண்டு, எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சொசைட்டி பாட்டியின் ஊரில் இருக்கிறது, அவளும் அதில் உறுப்பினர், எண் தப்பென்றால் செக்ரட்டரியின் சட்டையைப் பிடிக்கலாம். மில் வாசலில் உங்கள் அப்பா யார் சட்டையைப் பிடிப்பார்?

இன்னொன்று கேளுங்கள். மில்காரர்களுக்கு 1981இல் ஆரம்பித்த சேகோசர்வ் கூட்டுறவு இருக்கிறது. அவர்கள் கொண்டுவந்து இறக்கும் ஜவ்வரிசிக்கு அங்கே சாம்பிள் எடுத்து ஆய்வகத்தில் தரம் பார்க்கிறார்கள், வியாபாரிகள் ரகசிய டெண்டர் போட்டு எடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். மக்காச்சோள மாவுக் கலப்படம், விலைச் சரிவு என்று மில்காரர்களுக்கும் தலைவலி இருக்கிறது. ஆனால் ஜவ்வரிசி விற்கிற மில்காரருக்குப் பொதுவான இடத்தில் சோதனை, கிழங்கு விற்கிற உங்கள் அப்பாவுக்கு வாங்குகிறவர் வாசலில் சோதனை. இது என்ன நியாயம்? அந்த சேகோசர்வ் இருக்கிற ஜாகீர் அம்மாபாளையத்தில்தான் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் ஐ.டி. பூங்காவும் இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இந்த இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருப்பதை நினைத்து எனக்குச் சிரிப்பு வரும், கோபமும் வரும்.

அரசால் முடியாதா என்றால், உங்கள் ஏத்தாப்பூரிலேயே சாட்சி இருக்கிறது. 2020இல் மரவள்ளி மாவுப்பூச்சி வந்து காடு காடாக நுனி சுருண்டு போனதே, ஞாபகம் இருக்கும். ஆப்பிரிக்காவில் 1970களில் இதே பூச்சி பஞ்சம் வருகிற அளவுக்கு அழித்தது. தென் அமெரிக்காவில் அதன் இயற்கை எதிரியான பொடிக் குளவியைத் தேடிப் பிடித்து ஆப்பிரிக்காவில் விட்டுத்தான் அடக்கினார்கள். அதே குளவியை பெனின் நாட்டிலிருந்து பெங்களூரு ஆராய்ச்சி நிறுவனம் வரவழைத்துப் பெருக்கி, 2022இல் உங்கள் ஊர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். கண்டம் தாண்டி ஒரு குளவியை உயிரோடு கொண்டுவரத் தெரிந்த நாட்டால், ஆத்தூரிலிருந்து கெங்கவல்லி வரை நான்கு ஊரில் பொதுத் தராசு வைக்க முடியாது என்றால் நான் நம்ப வேண்டுமா?

பெரிய செலவெல்லாம் இல்லை. கிழங்கு விளைகிற வட்டாரத்தில் ஒரு ஷெட், தொட்டி, நல்ல தராசு, டிப்ளமோவோ பி.இ.யோ படித்த இரண்டு பேர். சாம்பிள் எடுக்கிற முறையைச் சட்டமாக எழுதி வைக்க வேண்டும். அச்சடித்த சீட்டில் நேரம், எடை, பாயிண்ட். அந்தச் சீட்டு இல்லாமல் மில்லில் லோடு இறங்கக் கூடாது. சேலம், நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சி என்று வைத்துப் பாருங்கள், எத்தனை பிள்ளைகளுக்கு உள்ளூரில் சம்பளம் கிடைக்கும். தராசைச் சரிபார்க்க ஆள் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும், வருகிற எண்களை வைத்து எந்த ரகத்தை எந்த மாதம் வெட்டினால் மாவு கூடுகிறது என்று சொல்லவும் ஆள் வேண்டும். உங்கள் ஏ.ஐ.க்கு அங்கே இடம் உண்டு. மரவள்ளி இலையைப் படம் பிடித்துக் காட்டினால் நோயைச் சொல்கிற நூரு என்ற செயலி ஆப்பிரிக்க விவசாயிகளின் போனில் சிக்னல் இல்லாமலே ஓடுகிறது. அதைச் செய்தவர்கள் இலையிலிருந்துதான் ஆரம்பித்தார்கள்.

இதையெல்லாம் மனுவாக எழுதிக் கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிட்டு உட்காருங்கள் என்று சொல்லப் போவதில்லை. மனு கொடுப்பதற்கு முன்னால் கையில் கணக்கு வேண்டும். கொக்கி வைத்த டிஜிட்டல் தராசு கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு டிரம்மில் தண்ணீர். அடுத்த வெட்டின்போது லோடின் மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்தில் கிழங்கு எடுத்து, மண் போகக் கழுவி, ஈரம் துடைத்து, வெளியே ஒரு எடை, உள்ளே ஒரு எடை. கிழங்கு டிரம்மின் அடியில் தட்டக் கூடாது, ஒட்டியிருக்கிற காற்றுக் குமிழியை ஆட்டிவிட வேண்டும். மலிவுத் தராசு சில கிராம் முன்னே பின்னே காட்டும், அதனால் ஒவ்வொன்றையும் மூன்று தடவை போடுங்கள். பிறகு மில் சீட்டில் வருகிற பாயிண்ட்டைப் பக்கத்தில் எழுதுங்கள். பக்கத்துக் காட்டுக்காரருக்கும் செய்து கொடுங்கள், காசு வாங்காதீர்கள். ஒரு சீசன் முழுக்கச் செய்தால் உங்களிடம் இருக்கிற நோட்டு இந்த வட்டாரத்தில் வேறு யாரிடமும் இருக்காது. அப்பா "உனக்கு எதுக்குடா இந்த வம்பு" என்று திட்டுவார். அவர் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். நாளைக்கும் அதே வாசலில் நிற்க வேண்டியவர் அவர். மில்லில் போய்ச் சண்டை போடவும் வேண்டாம், எழுதி மட்டும் வையுங்கள்.

கோர்ஸுக்குப் பணம் கட்டிவிட்டீர்களா இல்லையா என்று கடிதத்தில் இல்லை. கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள், இலவசமாகவே நிறையக் கிடைக்கிறது. கட்டிவிட்டீர்கள் என்றால் ஒழுங்காகப் போய் வாருங்கள், 45,000 ரூபாய் எத்தனை டன் கிழங்கு என்று உங்களுக்கே தெரியும்.

அன்புடன்,
அக்கா