குதிரைக்கு எத்தனை முதுகு? – வாசகர் கேள்வி பதில்

குதிரை, பரி, புரவி, மா எல்லாம் ஒன்றுதானா? குதிப்பதால்தான் குதிரை என்ற பெயர் வந்தது என்கிறார்களே, சரியா?
– வாசகர், திருமங்கலம்

விலங்கு ஒன்றுதான், சொற்கள் வந்த வழிதான் வேறு. 'பரி' முதலில் விலங்கின் பெயரே அல்ல. ஓட்டத்தின், நடைவேகத்தின் பெயர். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய பொருள்களை அடுக்கும்போது 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவியும்' என்கிறது. அங்கே புரவிதான் விலங்கு, பரி அதன் ஓட்டம். பின்னால் ஓட்டத்தின் பெயர் ஓடுவதற்கே ஆகிவந்துவிட்டது. நம் திருவிளையாடல் புராணத்து 'நரி பரியாக்கிய படல'த்தில் பரி என்றாலே குதிரைதான். 'மா' பொதுச்சொல். எந்த விலங்கையும் குறிக்கும்; குதிரையையும் யானையையும் தனியாகவும் குறிக்கும். அதனால்தான் குதிரைக்குக் 'கலிமா' என்று அடைகொடுத்துப் பாடினார்கள்.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 'நீரின் வந்த' என்றால் கப்பலில் வந்த என்று பொருள். தமிழ்நாட்டுக்குப் போர்க்குதிரை எப்போதும் இறக்குமதிச் சரக்குதான். 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, குதிரைகளைப் பெருவிலைக்கு வாங்கிப் பேணத் தெரியாமல் சாகவிடுகிறார்கள் என்று எழுதிவைத்தார். மாணிக்கவாசகர் கதையில் அமைச்சர் பணத்தோடு துறைமுகத்துக்குக் குதிரை வாங்கப் போவது கற்பனை அல்ல, அன்றைய அரசாங்க நடைமுறை.

'குதி' என்ற வினையிலிருந்து குதிரை வந்தது என்பதற்கு ஓசைப் பொருத்தம் உண்டு. அதைத் தாண்டி உறுதியான சான்று கிடையாது. தள்ளவும் வேண்டாம், முடிந்த முடிவாகக் கொள்ளவும் வேண்டாம். உறுதியாகச் சொல்லக்கூடியது, இந்தச் சொல் தமிழுக்கு மட்டும் உரியதல்ல என்பது. மலையாளத்தில் குதிர, கன்னடத்தில் குதுரெ. தெலுங்குக்காரர் பேச்சில் குர்ரமு. அரைகுறையாகத் தெலுங்கு பேசுகிறவரைக் கேலிசெய்ய, 'குதிரைக்குக் குர்ரம் என்றால் ஆனைக்கு அர்ரமா?' என்று ஒரு பழமொழியே இருக்கிறது.

குதிரை என்றொரு மலையும் இருந்தது. அதன் தலைவன் பிட்டங்கொற்றனைப் புறநானூறு 168ஆம் பாட்டு 'ஊராக் குதிரைக் கிழவ' என்று அழைக்கிறது. ஊர்தல் என்றால் ஏறிச் செலுத்துதல். யாரும் ஏறி ஓட்டாத குதிரை, அதாவது மலை. புலவருக்குக் குறும்பு அதிகம்.

'மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா' என்பது தவறு, 'மண் குதிர்', அதாவது ஆற்று மணல் மேடு என்பதே சரி என்று எல்லோரும் அனுப்புகிறார்கள். எது சரி?
– வாசகி, மேலூர்

மேலூரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? உங்கள் ஊரைச் சுற்றி எத்தனை ஐயனார் கோயில்களில் மண் குதிரை நிற்கிறது! குதிர் என்பது நம் பக்கத்தில் நெல் கொட்டிவைக்கும் மண் கலம். ஆற்று மணல் மேட்டுக்கு அந்தப் பெயரை இங்கே யாரும் சொல்லிக் கேட்பதில்லை. பழமொழி இருக்கிறபடியே பொருள் தரும்போது அதைத் திருத்துவது வீண்வேலை.

மண் குதிரை தண்ணீரில் என்ன ஆகும் என்பது, அது சுட்டதா, சுடாததா என்பதைப் பொறுத்தது. வெயிலில் மட்டும் காய்ந்த களிமண்ணை நீரில் போட்டால் சிறிது நேரத்தில் இளகிச் சேறாகிவிடும். சூளையில் சுமார் 600 டிகிரி செல்சியஸ் தாண்டிவிட்டால் களிமண்ணின் உள்ளமைப்பே மாறிவிடும். பிறகு எத்தனை மழை பெய்தாலும் கரையாது. கோயில் குதிரைகள் இத்தனை காலம் வெட்டவெளியில் நிற்பது இதனால்தான். பழமொழி சொல்வது சுடாத குதிரையை.

ஐயனாருக்கு மண் குதிரை கொண்டுபோகும் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு ஊரார் பிடிமண் (தொடக்க அடையாளமான கைப்பிடி மண்) கொடுத்ததும் மண்பாண்டம் செய்யும் வேளார் வேலை தொடங்கும். கண்மாய்க் களிமண்ணை அப்படியே பயன்படுத்தினால் காயும்போது சுருங்கிப் பிளக்கும். அதனால் மணலும் உமியோ நறுக்கிய வைக்கோலோ சேர்த்து மிதிப்பார்கள். மணல் சுருக்கத்தைக் குறைக்கும். உமி சூளையில் எரிந்துபோய் நுண்துளைகளை விடும், அவற்றின் வழியே ஆவி வெளியேறும். கால்கள் நான்கையும் உள்ளீடற்ற குழாயாக முதலில் எழுப்பி, அவை பாரம் தாங்கும் அளவுக்கு இறுகிய பிறகுதான் மேலே வயிறு, பிறகு கழுத்து, தலை. அவசரப்பட்டு ஏற்றினால் கால் பிதுங்கும். அதிகம் காயவிட்டு ஏற்றினாலோ பழைய மண்ணும் புது மண்ணும் ஒட்டாமல் இணைப்பில் வெடிப்பு விழும். உடம்பில் எங்காவது துளை விட்டிருப்பார்கள். சூளையில் வெடிப்பதற்குக் காரணம் உள்ளே அடைபட்ட காற்று என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமே காரணம். நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். ஆகவே நிழலில் பல நாள் காயவைத்து, முதல் சில மணி நேரம் மெல்லிய புகைச்சூடு மட்டும் கொடுத்து, அதன்பிறகே நெருப்பை ஏற்ற வேண்டும்.

வயலின் கற்கிறேன். சுருதி சேர்க்கச் சேர்க்கக் குதிரை முன்னால் சாய்கிறது. ஒட்டிவிடலாமா?
– வாசகி, தெற்கு மாசி வீதி, மதுரை

ஒட்டவே கூடாது. தந்தியைத் தன் முதுகில் தாங்குவதால் அந்த மரத்துண்டுக்குக் குதிரை என்று பெயர். வீணையிலும் தம்புராவிலும் அதே பெயர்தான். தந்திகளின் அழுத்தம் மட்டுமே அதை நிறுத்தி வைக்கிறது. தந்தியை முறுக்கும் முளையான பிருடையைத் திருகும்போது தந்தி நகர்கிறது. குதிரையின் பள்ளத்தில் உராய்வு இருந்தால் தந்தி அதன் உச்சியையும் சேர்த்து இழுக்கும். அப்படித்தான் பிருடைப் பக்கம் சாய்கிறது. விட்டுவைத்தால் குதிரை வளைந்துவிடும், அல்லது ஒருநாள் படீரென்று விழுந்து பலகையைக் காயப்படுத்தும்.

தந்திகளைச் சற்றே தளர்த்துங்கள். வயலினை மடியில் வைத்து, இரண்டு கைகளின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் குதிரையின் மேல்பகுதியைப் பிடித்து, மயிரிழை மயிரிழையாகப் பின்னால் கொண்டுவாருங்கள். தந்திகள் கட்டியிருக்கும் அடிப்பக்கத்தைப் பார்த்த முகம் பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இரண்டு பாதங்களும், எஃப் துளைகளின் உள்பக்கச் சிறு வெட்டுகளுக்கு நேராக இருக்க வேண்டும். பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டால் தந்தி வழுக்கிப் போகும், சாய்வது குறையும்.

தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் குதிரை விழுவது மட்டுமல்ல, உள்ளே நிற்கும் சிறு குச்சியும் சாய்ந்துவிடலாம். அதை நிறுத்துவது பட்டறைக்காரர் வேலை, வீட்டில் முயல வேண்டாம்.

குதிரைவாலிச் சோறு எனக்கு எப்போதும் கஞ்சியாகிவிடுகிறது.
– வாசகி, உசிலம்பட்டி

தண்ணீர் அதிகம். கதிர் குதிரையின் வாலைப் போலப் புசுபுசுவென்று இருப்பதால் பெயர் அப்படி; அரிசியோ கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. சின்ன மணிக்குள் நீர் விரைவில் இறங்கிவிடும். கல் அரித்து, 20 நிமிடம் ஊறவைத்து, நீரை முழுக்க வடித்துவிடுங்கள். பிறகு ஒரு தம்ளருக்கு 2 தம்ளர் தண்ணீர், குக்கரில் 2 விசில், ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் திறக்காதீர்கள். திறந்தவுடன் கரண்டியால் கிளறினாலும் குழையும். முள்கரண்டியால் விளிம்பிலிருந்து உதிர்த்துவிடுங்கள். கஞ்சியே வேண்டுமென்றால் 6 தம்ளர் தண்ணீர்.

குதிரைச் சதை என்றால் உடம்பில் எது? இரவில் அங்கே பிடித்துக்கொள்கிறது.
– வாசகர், பேரையூர்

முழங்காலுக்குக் கீழே பின்பக்கத் திரட்சி. அதையே கெண்டைக்கால் என்கிறோம். குதிரையும் மீனும் ஒரே காலில்! பிடித்துக்கொண்டால் முழங்காலை நீட்டி, கால்விரல்களை உங்கள் முகத்தை நோக்கி இழுத்து அரை நிமிடம் பிடியுங்கள். விரலைக் கீழ்நோக்கி நீட்டினால் பிடிப்பு இன்னும் இறுகும். அடிக்கடி வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்திருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

குதிரைக் கொம்பு என்றால்?
– வாசகர், சோழவந்தான்

இல்லாத பொருள். இன்று கிடைப்பதற்கு அரியது என்ற பொருளிலும் சொல்கிறோம். பழைய நூல்களில் இதே வேலையை முயற்கொம்பு செய்தது.

கிணற்று மோட்டாரில் 5 எச்.பி. என்று போட்டிருக்கிறது. ஐந்து குதிரைக்குச் சமமா? மின்சாரம் எவ்வளவு எடுக்கும்?
– வாசகர், வாடிப்பட்டி

ஜேம்ஸ் வாட் 18ஆம் நூற்றாண்டில் தம் நீராவி எந்திரத்தை விற்க, சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்த குதிரைகளோடு ஒப்பிட்டு வைத்த அளவு இது. ஒரு குதிரைத் திறன் 746 வாட். உங்கள் மோட்டார் சுழல்தண்டில் தருவது 5 பெருக்கல் 746, அதாவது 3.73 கிலோவாட். சூட்டில் வீணாவதையும் சேர்த்தால் கம்பியிலிருந்து சுமார் 4.4 கிலோவாட் இழுக்கும். ஒரு மணி நேரத்துக்கு 4.4 யூனிட். மின்னழுத்தம் குறைந்தால் அதே பாரத்துக்கு அதிக ஆம்பியர் இழுத்துச் சுருள் கருகும். மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டாலும் இதே கதிதான். ஸ்டார்ட்டரில், மின்னோட்டம் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்குச் சரியாக வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று பலர் அதைக் கூட்டி வைத்துவிடுகிறார்கள்; மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போவது பெரும்பாலும் அதனால்தான்.